ஐம்பத்தாறை விழுங்கிய பெட்டி

அந்தப் பெட்டி பார்ப்பதற்குத் தையல் மிசினின் மூடியைப் போலத்தான் இருந்தது. வளைந்த மர மூடியைத் தூக்கினால் உள்ளே ஓர் இரும்புத் தண்டு, பக்கத்தில் முறுக்குவதற்கு ஒரு சாவி, தனியாகத் துணியில் சுற்றிவைத்த ஒரு தகரப் புனல். தண்டில் மெழுகுக் குழல் ஒன்றை மாட்டிப் புனலுக்குள் பேசினால் மெழுகில் கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் முள்ளை ஓடவிட்டால் பேசியதெல்லாம் திரும்ப வரும். பதுளையில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் பதினொரு பேர் அதைச் சுற்றி நின்றிருந்தோம். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலம் அது. சீமையிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் அனுப்பிய பெட்டி அங்கிருந்து மாட்டுவண்டியில் வந்திருந்தது. எங்கள் தலைமையாசிரியர் புனலுக்குள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளைகளே, கவனியுங்கள்" என்றார். பிறகு முள்ளைத் தூக்கி வைத்துச் சாவி கொடுத்தார். பெட்டி முதலில் செருமியது. அப்புறம், "பிள்ளைகளே, கவனியுங்கள்" என்றது. எங்களில் ஒருவன் கையெடுத்துக் கும்பிட்டே விட்டான். நான் கும்பிடவில்லை. அதைவிட மோசமாக, அதன்மேல் ஆசைப்பட்டுவிட்டேன்.

இப்போது பதுளைக்கே ரயில் வந்துவிட்டது. அதே பயிற்சிப் பள்ளியில் கிராமபோன் இருக்கிறது, சுவரில் படம் காட்டும் விளக்கு இருக்கிறது. நாளைக்கு ஆசிரியராகப் போகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, "இதெல்லாம் வந்த பிறகு வாத்தியார் எதற்கு ஐயா?" என்று பாதி விளையாட்டாகவும் பாதி பயத்தோடும் கேட்கிறார்கள். அவர்கள் வயதில் இந்தக் கேள்விக்கு முப்பது பக்கத்தில் பதில் எழுதியவன் நான். 'கல்வி கற்பித்தலில் யந்திரங்களின் பயன்' என்று தலைப்பு. எழுத்து முத்து முத்தாக இருக்கும். வாத்தியார் என்பவர் இனி அவசியமே இல்லை என்பதை, வாத்தியாராக ஆசைப்பட்ட நானே அதில் நிரூபித்திருந்தேன். அந்த முப்பது பக்கத்தையும் அடுப்பில் போட வைத்தவர் ஒரு எழுத்தும் அறியாதவர். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மா. அவரைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பயிற்சியின் கடைசி வருடம் ஒரு தோட்டத்தில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். என்னை அனுப்பிய தோட்டத்துக்கு மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று இரண்டு பிரிவு. நடுவில் நாலு மைல் மலைப்பாதை, அட்டைக்கடி, மூடுபனி. இரண்டிலும் ஒவ்வொரு பள்ளிக்கூடம், இரண்டுக்கும் சேர்த்து வாத்தியார் நான் ஒருவன். பகலுக்குமேல் பிள்ளைகள் மலைக்குச் சோறு கொண்டுபோவதும் விறகு பொறுக்குவதுமாகச் சிதறிவிடுவார்கள் என்பதால் காலையில் மட்டும்தான் பாடம் நடத்த முடியும். எனவே மூன்று நாள் மேலே, மூன்று நாள் கீழே. மேலே கற்றதை, நான் கீழே போய்வருவதற்குள் பிள்ளைகள் மறந்திருப்பார்கள். அப்போதுதான் எனக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. பாடத்தைக் குழலில் பேசிவைத்துக் கீழ் டிவிசனில் கொடுத்துவிட்டால், நான் மேலே இருக்கும்போதே கீழேயும் இருப்பேன் அல்லவா? தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதினேன். அவருக்கும் அந்த யோசனை பிடித்துவிட்டது. ஆறு மாதம் கழித்து நேரில் வந்து பார்ப்பதாகவும், நன்றாக நடந்தால் எனக்குச் சான்றிதழும் மற்றத் தோட்டங்களுக்குப் பெட்டிகளும் கிடைக்கும் என்றும் பதில் வந்தது. பெட்டி பசறைவரை வண்டியிலும், அதற்குமேல் தலைச்சுமையாகவும் வந்து சேர்ந்தது.

கீழ் டிவிசன் பள்ளிக்கூடம் என்பது ஒரு தகரக் கொட்டகையில் பாதி. மறுபாதி பிள்ளைக்காம்பரா. நடுவில் இடுப்பளவுச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் இருபத்தெட்டுப் பிள்ளைகள், அந்தப் பக்கம் சேலையில் கட்டிய தொட்டில்கள் பத்துப் பன்னிரண்டு. ஆயாம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். மழையில் மலையில் சறுக்கி விழுந்து கணுக்கால் பிசகியதிலிருந்து கொழுந்துக் கூடை தூக்க முடியாமல் போய், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர். நொண்டி நொண்டி நடந்தபடியே ஒரு கையால் ஒரு தொட்டிலையும் மறு கையால் இன்னொன்றையும் ஆட்டிவிட்டுப் போவார். பேச்சுக் குறைவு. எந்தக் குழந்தை பசிக்கு அழுகிறது, எது எறும்பு கடித்து அழுகிறது, எது சும்மா வம்புக்கு அழுகிறது என்று திரும்பிப் பார்க்காமலேயே சொல்லிவிடுவார். எனக்கோ எல்லாம் ஒரே இரைச்சல்.

பாடம் பதிந்த நாளில் பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்துத்தான் பதிந்தேன். நான் ஒரு வரி சொல்ல, அவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்வதும் குழலில் ஏறினால் வகுப்பு நடப்பது போலவே இருக்கும் என்று கணக்கு. என் குரலில் எனக்கு அப்போது கொஞ்சம் கர்வம் உண்டு. ஏழாம் வாய்ப்பாட்டை மலைக்கு மலை எதிரொலிக்கும்படி சொல்லிக்கொண்டு போனேன். ஏழேழு நாற்பத்தொன்பது என்று சொல்லி முடித்தபோது, மூன்றாம் வரிசையில் சுவரோரமாக இருந்த ஒரு சிறுமி முழுசாகத் திரும்பிப் பின்னால் பார்த்தாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. "ஏய், ஓரத்துப் புள்ள! என்ன பின்னால பார்வை? முன்னால திரும்பு!" என்று அதட்டிவிட்டு எட்டேழுக்குப் போனேன். அதுவும் குழலில் ஏறிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி பதிந்திருக்கலாம். ஆனால் போட்டுக் கேட்டபோது எனக்கு அது பிடித்திருந்தது. பாடம் சொல்வதோடு பெட்டி கண்டிக்கவும் செய்கிறதே, இனி வகுப்பில் சத்தமே இருக்காது என்று சந்தோஷப்பட்டு அப்படியே விட்டுவிட்டேன். பதிவு செய்யும் முள்ளைப் பத்திரமாகப் பதுளைக்குத் திருப்பி அனுப்பினேன்.

சாவி கொடுக்கிற வேலை ஆயாம்மாவுக்கு. எந்தக் குழல் முதலில், எது அடுத்து என்று குழல் டப்பாக்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சுண்ணாம்புப் பொட்டு வைத்துக் காட்டினேன். ஒருதரம் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். காலையில் தொட்டில்களை ஒரு சுற்று ஆட்டிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுச் சாவி கொடுப்பார். நான் சனிக்கிழமை மட்டும் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு மேலே போய்க் கட்டுரை எழுதுவேன். இப்படி ஐந்து மாதம் போயிற்று. வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான வேலையை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

தலைமையாசிரியர் வருவதற்கு முந்தின சனிக்கிழமை, ஒத்திகை பார்க்கலாம் என்று பெட்டியை மூடிவைத்துவிட்டு, பிள்ளைகளையே ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னேன். என் ராகம், என் இழுப்பு, எல்லாம் அப்படியே வந்தது. புளகாங்கிதப்பட்டுக்கொண்டே நின்றேன். "ஏழேழு நாற்பத்தொன்பது" என்றார்கள். அதோடு இருபத்தெட்டுப் பேரும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு மூச்சு விடும் நேரம் கொட்டகையில் நிசப்தம். பிறகு ஒரே சமயத்தில் வாயைத் திறந்து, "ஒன்பதேழு அறுபத்துமூன்று" என்றார்கள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பவும் அதே இடத்தில் அதே மௌனம். ஒருவனை எழுப்பி, "எட்டேழு எவ்வளவு?" என்றேன். "அந்த எடத்துல பேசக் கூடாதுங்க ஐயா" என்றான், எனக்கே தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. ஐம்பத்தாறு என்ற ஒரு எண் உலகத்தில் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. வாய்ப்பாட்டில் அந்த மௌனமும் ஒரு பாகம், சாமி பெயரைச் சொல்லுமுன் மூச்சடக்குவது போல என்று நினைத்திருக்கிறார்கள். குழல்தான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று பெட்டியைத் திறந்தேன். ஆயாம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஐயா, ஐயா, கொஞ்சம் பொறுங்க, நான் வந்து போடுறேன்" என்று ஒரு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நொண்டியபடி ஓடி வந்தார். அதற்குள் நானே சாவி கொடுத்துவிட்டேன்.

குழல் கெட்டுப்போகவில்லை. கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் என் குரல் நன்றாகவே வந்தது. நாற்பத்தொன்பது முடிந்ததும், "ஏய், ஓரத்துப் புள்ள! என்ன பின்னால பார்வை?" என்று பெட்டி அதட்டியது. இருபத்தேழு தலைகள் சட்டென்று ஒரு சிறுமியின் பக்கம் திரும்பின. அவள் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஓரத்திலும் இல்லை. முதல் வரிசையில் நடுவில், முதுகை நிமிர்த்தி என் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "எட்டேழு ஐம்பத்தாறு" என்று பெட்டி சொன்னபோது அவள் எழுந்துவிட்டாள். சிலேட்டை என் மேசைமேல் ஓசைப்படாமல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"கெடுத்துட்டீங்களே ஐயா" என்றார் ஆயாம்மா. அவர் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கேட்டேன். அந்தச் சிறுமியைப் பெட்டி முதல் நாளிலிருந்தே தினமும் ஏசியிருக்கிறது. இடம் மாறி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், அசையாமல் இருந்து பார்த்திருக்கிறாள். என்றோ ஒரு நாள் செய்ததற்கு ஒவ்வொரு நாளும் ஏச்சு. இரண்டு வாரத்தில் பெட்டி சொல்லுமுன்பே மற்றப் பிள்ளைகள் சேர்ந்து, "ஏய், ஓரத்துப் புள்ள" என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். விஷயம் வீட்டுக்குப் போயிருக்கிறது. அவளுடைய அப்பா கோபக்காரர் அல்ல, மகள்மேல் உயிரானவர். ஆனால் வெள்ளைக்காரன் செய்த மிசின், ஓரவஞ்சனை தெரியாதது, இத்தனை பிள்ளைகளில் தன் மகளை மட்டும் தினமும் பொறுக்கி எடுத்து ஏசுகிறதென்றால் அவளுக்குப் படிப்பு வராது என்றுதானே அர்த்தம் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். பத்து வயது ஆகிவிட்டது, காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டில் பேர் பதிந்து கொழுந்துக்கு அனுப்பிவிடலாம் என்றிருக்கிறார். ஆயாம்மா அந்தக் குடும்பம் குடியிருந்த வரிசை வீட்டு லயத்துக்குப் போய், மிசின் இனிமேல் ஏசாது, அதற்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துப் பிள்ளையைத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறார்.

"என்ன செய்தீங்க?" என்றேன். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினார். அதைச் சுருட்டிப் புனலுக்குள் திணித்துவிடுவாராம். "ஏச்சு முடிஞ்சிருக்கும்னு தோணுறப்போ எடுத்துருவேன். அதுல ஒரு கணக்கும் சேந்து போயிருச்சுங்களா? எனக்கு அது தெரியாதுங்களே" என்றார். அன்றிலிருந்து தினமும் அதைச் செய்திருக்கிறார். ஆனால் ஒன்று எனக்கு இடித்தது. எண்ணத் தெரியாதவர், ஏச்சு வரப்போகிற இடத்தை ஒரு நாள்கூடத் தவறாமல் எப்படிப் பிடித்தார்?

"அதுக்கு முன்னால புள்ள அழுவுதுல்லீங்களா" என்றார்.

"எந்தப் பிள்ளை?"

"பெட்டிக்குள்ளதான். அவளோட தம்பி, இவன்தான்." இடுப்பில் இருந்த குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். "அன்னிக்குப் பச்சப் புள்ள. தொட்டில் கயிறு நழுவி ஒரு பக்கமாச் சாஞ்சிருச்சு. நான் அந்தக் கோடியில இருந்தேன். நான் வந்து தூக்கறதுக்குள்ள அக்காக்காரி திரும்பிப் பாத்துட்டா. மொதல்ல அழுகை வரும், அப்புறம் உங்க ஏச்சு வரும். அழுகை கேட்டதும் துணிய வச்சிருவேன்."

நான் நம்பவில்லை. குழலை மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை புனலுக்குள் காதை வைத்தேன். என் குரல் காதைக் கிழித்தது. ஏழேழு நாற்பத்தொன்பது. பிள்ளைகளின் குரல் எழுந்து அடங்கியது. அதற்குப் பின்னால், மிகத் தூரத்தில், ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டது. இரண்டு தரம். உடனே அதன்மேல் என் அதட்டல் வந்து விழுந்தது. அந்தக் குழந்தை இப்போது ஆயாம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கி, என் சால்வை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது.

எத்தனை தரம் அந்தக் குழலைக் கேட்டிருப்பேன்? என் குரலைத் தவிர வேறெதையும் நான் கேட்டதில்லை. பெட்டியைக் குறை சொல்ல எனக்கு வழியே இல்லை. கொட்டகையில் நடந்ததை நடந்தபடி, அழுகை உட்பட, அது வாங்கி வைத்திருந்தது. அன்றைக்கு நடந்ததை என்றைக்கும் சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. அந்தச் சிறுமி இன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பதைப் பார்க்க வேண்டியவன் நான். நான் நாலு மைலுக்கு அப்பால் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் நிமிர்த்தி வைத்திருந்த அந்த முதுகை நினைத்தால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கே லயத்துக்குப் போனேன். அவளுடைய அப்பா வேலை முடிந்து வந்து, காலைக் கழுவிக்கொண்டிருந்தார். வாத்தியார் வாசலில் நிற்பதைக் கண்டதும் பதறிப்போய், உட்காரச் சாக்கை உதறிப் போட்டார். நான் குழந்தை அழுத கதையைச் சொன்னேன். பணிவாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க பெரிய மனசு பண்ணி வந்து ஆறுதல் சொல்றீங்க. ஆனா மிசினு பொய் சொல்லாதுங்களே ஐயா. இன்னிக்கும் ஏசிருச்சாமே. திங்கக்கெழம பேரு பதியச் சொல்லி கங்காணிகிட்டச் சொல்லிட்டேனுங்க" என்றார். மகள் உள்ளே அடுப்புப் பக்கம் இருந்தாள், வெளியே வரவில்லை. திங்கட்கிழமை எங்கள் தலைமையாசிரியர் வருகிறார், அன்று ஒரு நாள் பகல் வரை பொறுங்கள், நீங்களும் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், மகளையும் கூட்டி வாருங்கள் என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாத்தியார் கெஞ்சுவதைப் பார்க்கச் சகிக்காமலே அவர் சரி என்றிருப்பார்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் குதிரையில் வந்து இறங்கினார். மழைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்கே, உன் யந்திரம் பாடம் நடத்தட்டும்" என்றார். பெட்டியை ஒதுக்கிவிட்டு நானே பாடம் நடத்தியிருக்கலாம். ஆனால் பெட்டி சொன்னதைப் பெட்டியின் முன்னாலேயே திருத்தாவிட்டால் வாசலில் நிற்கிற அப்பாவின் மனசு மாறாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர் தலைத்துணியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் அவருக்குப் பின்னால். ஆயாம்மா சாவி கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஓரேழு ஏழில் தொடங்கி, வாய்ப்பாடு ஓடியது. நாற்பத்தொன்பது வந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டேன். அழுகை வந்தது. ஆயாம்மாவின் கை தலைக்குப் போகுமுன் நான் என் சால்வையைச் சுருட்டிப் புனலுக்குள் திணித்தேன்.

"என்ன இது?" என்றார் தலைமையாசிரியர்.

"இந்த இடத்தில் நான் பேச வேண்டியிருக்கிறது, ஐயா" என்றேன். பிள்ளைகளின் பக்கம் திரும்பி, "எட்டேழு ஐம்பத்தாறு" என்றேன். அவர்கள் பேசுவதா கூடாதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வாசலில் நின்ற சிறுமியைப் பார்த்தேன். "அம்மா, அன்னிக்கு உன் தம்பி அழுதான். அதனாலதான் நீ திரும்பிப் பாத்த. எனக்கு அது கேக்கல. கேக்காமலே ஏசிட்டேன்."

அப்பா ஓர் அடி முன்னால் வந்தார். "அப்போ மிசினு சொன்னது தப்புங்களா ஐயா?"

"மிசின் சொன்னது தப்பில்லைங்க. நான் சொன்னதுதான் தப்பு. மிசின் அதை மறக்கத் தெரியாம வச்சிருக்கு."

அவர் மகளைப் பார்த்தார். அப்புறம் அவள் தோளில் கைவைத்து மெல்ல உள்ளே தள்ளிவிட்டார். "போயி ஒக்காரு" என்றார். அவ்வளவுதான். தலைத்துணியைக் கட்டிக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போய்விட்டார். பெரட்டில் அவள் பேர் பதியவில்லை.

தலைமையாசிரியர் பரிசோதனை நிறைவேறவில்லை என்று எழுதிக்கொண்டு, பெட்டியைக் கட்டச் சொல்லித் தன்னோடு கொண்டுபோனார். என் சான்றிதழ் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. கட்டுரையை ஆயாம்மாவின் அடுப்பில் பால் காய்ச்சக் கொடுத்தேன். முப்பது பக்கமும் எரிந்து முடிவதற்குள் பால் பொங்கிவிட்டது என்று சிரித்தார். படவிளக்கையும் கிராமபோனையும் தொடாதே என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது ஓடும்போது வெளியே போய்விடாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். அந்தச் சிறுமி இன்னும் இரண்டு வருடம் படித்தாள். பிறகு கொழுந்துக்குப் போனாள். இரண்டு வருடம் கொஞ்சம்தான். ஆனாலும் கிடைத்தது.

பெட்டி போன மறுநாள் நான் நாலு மைலும் நடந்து கீழ் டிவிசனுக்கு வந்தேன். கால் முழுக்க அட்டைக்கடி. அவள் பழையபடி மூன்றாம் வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். ஏழாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினோம். நாற்பத்தொன்பது சொல்லி முடித்ததும் வழக்கம்போல எல்லோரும் நிறுத்தினார்கள். அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அப்பால் அவளுடைய தம்பி சிணுங்கினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தை விறைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"போய்ப் பாத்துட்டு வாம்மா" என்றேன்.

அவள் எழுந்து போனாள். தொட்டிலை ஆட்டுகிற சத்தம் கேட்டது, ஆயாம்மா ஏதோ மெல்லச் சொல்வது கேட்டது. அவள் திரும்பி வந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டு உட்காரும் வரை இருபத்தேழு பேரும் நானும் காத்திருந்தோம். பிறகு சேர்ந்து சொன்னோம், எட்டேழு ஐம்பத்தாறு.